தம்பி, காரை அப்புறம் பார்க்கலாம், முதலில் யார் எங்கே உட்காருவது?

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய கார் படங்களை எல்லாம் பார்த்தேன். "ஏழு பேர் உட்காரணும், எஸ்யூவியா இருக்கணும், எது நல்லதுன்னு சொல்லுக்கா" என்று கேட்டிருந்தாய். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். மூன்றாவது குழந்தையை எதிர்பார்த்துக்கொண்டு, அம்மா அப்பாவையும் கூடவே வைத்துக்கொண்டு கார் தேடுகிறவர்கள் சிங்கப்பூரில் இன்னும் பலர் இருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும்.

எந்த கார் என்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிடு. ஒரு தாளை எடுத்து ஏழு கட்டம் போடு, முன்னால் இரண்டு, நடுவில் மூன்று, பின்னால் இரண்டு. அதில் பெயர்களை எழுது. ஓட்டுவது நீ. அம்மாவுக்கு முழங்கால் வலி, அவரை முன்னால்தான் உட்கார வைக்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. பிறக்கப்போகும் குழந்தைக்குப் பின்பக்கம் பார்த்த சீட், சின்னவனுக்குப் பெல்ட் மாட்டிய சீட், பெரியவளுக்கு உயரம் கூட்டும் பூஸ்டர். இங்கே 1.35 மீட்டருக்குக் குறைவான உயரம் உள்ளவர்களைத் தகுந்த சீட்டில்தான் உட்கார வைக்க வேண்டும் என்பது சட்டம். பெரியவள் ஏழு வயதுதான், அந்த உயரத்துக்கு வர அவளுக்கு இன்னும் சில வருடங்கள் ஆகும். ஆக மூன்று பிள்ளைகளுக்கும் மூன்று சீட். மீதி இருப்பது உன் மனைவியும் அப்பாவும்.

இப்போது மூன்று குழந்தை சீட்டையும் நடு வரிசையில் வைத்துப் பார். பெரும்பாலான எஸ்யூவிகளில் அகலம் போதாது, சீட்டுகள் ஒன்றோடொன்று இடிக்கும், பெல்ட் கொக்கியைக் கண்டுபிடிக்க விரல் நுழையாது. சரி, பெரியவளைப் பின்வரிசைக்கு அனுப்பலாம், தாத்தாவும் பேத்தியும் பின்னால் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இரண்டு ஜன்னல் ஓரங்களிலும்தான் ஐசோஃபிக்ஸ் கொக்கி (குழந்தை சீட்டைக் காரோடு நேராகப் பூட்டுவது) இருக்கும், அதனால் எல்லோரும் அங்கேதான் இரண்டு சீட்டையும் மாட்டுவார்கள். மாட்டிய பிறகுதான் தெரியும், பின்னால் போக வழியே இல்லை என்பது. மூன்றாவது வரிசைக்குப் போக நடு இருக்கையை மடித்துச் சாய்க்க வேண்டும், குழந்தை சீட் மாட்டிய இருக்கையை அப்படி மடிக்க முடியாது. அப்பா எப்படிப் போவார்? பூட் (பின்னால் சாமான் வைக்கும் இடம்) வழியாக ஏறியா? எழுபது வயதைத் தாண்டிய மனிதரிடம் அதைக் கேட்க எனக்கு மனம் வராது, உனக்கும் வராது.

இதற்கு ஒரு வழி உண்டு. கைக்குழந்தையின் சீட்டை வலது ஜன்னல் பக்கம் ஐசோஃபிக்ஸில் மாட்டு. சின்னவனின் சீட்டை நடுவில் வைத்துக் காரின் பெல்ட்டாலேயே கட்டு (எல்லா சீட்டையும் அப்படிக் கட்ட முடியாது, அவனுடையதில் முடியுமா என்று அதன் கையேட்டில் பார்த்துக்கொள்). இடது ஓரம் உன் மனைவிக்கு. அவர் இறங்கினால் அந்த ஒற்றை இருக்கையை மடித்து அப்பாவும் பெரியவளும் பின்னால் போகலாம். ஆனால் அதற்கு நடு வரிசை பிரியும் விதம் ஒத்துவர வேண்டும். இடது பக்கம், அதாவது நடைபாதைப் பக்கம், ஒற்றை இருக்கை தனியாக மடிய வேண்டும். சில கார்களில் இது வலது பக்கம் இருக்கும், அப்போது நடு இருக்கையும் இடது இருக்கையும் சேர்ந்தே நகரும், சின்னவன் சீட்டோடு சேர்த்து. விளம்பரத் தாளில் இதைப் போடவே மாட்டார்கள். நேரில் போய் இழுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது உங்கள் புளோக்கின் கார் நிறுத்துமிடம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார் நிறுத்துமிடத்தில் வழக்கமான ஒரு கட்டம் 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். நீ ஆசைப்படும் ஹூண்டாய் சாண்டா ஃபே 1.9 மீட்டர் அகலம், 4.83 மீட்டர் நீளம். கியா சொரெண்டோவும் ஏறக்குறைய அதே அளவுதான். பக்கத்துக் கட்டத்திலும் அதே போல் ஒரு பெரிய கார் நேராக நின்றால் இரண்டுக்கும் நடுவில் அரை மீட்டர்தான் மிஞ்சும். அந்த அரை மீட்டரில் கதவையும் திறந்து, குழந்தையைக் கையில் பிடித்தபடி உடம்பையும் வளைத்து, பின்பக்கம் பார்த்த சீட்டில் அதன் தலை இடிக்காமல் இறக்கி வைத்து, பெல்ட்டையும் மாட்ட வேண்டும். பக்கத்துக் கார்மேல் கதவு படக்கூடாது என்று ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டே இருக்கும். மழை பெய்யும் நாளில், திறந்தவெளிக் கட்டத்தில் இதைச் செய்ய வேண்டியிருந்தால் எப்படி என்று நினைத்துப் பார். இன்னொன்று, நம் ஊரில் பெரும்பாலும் எல்லோரும் பின்னால் எடுத்துத்தான் நிறுத்துகிறோம். பின்னால் சுவரோ தூணோ இருந்தால் பூட் கதவு முழுதாகத் திறக்காது, குழந்தையின் தள்ளுவண்டியை எடுக்க மறுபடி காரை முன்னால் நகர்த்த வேண்டும்.

அதனால்தான் சறுக்குக் கதவு உள்ள வண்டிகளையும் ஒரு தடவை பார்த்துவிடு என்கிறேன். "அதெல்லாம் வேன் மாதிரி இருக்கும்" என்று நீ சொல்வது எனக்குக் கேட்கிறது. டொயோட்டா நோவாவை எடுத்துக்கொள். 4.7 மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம், அகலம் 1.73 மீட்டர்தான், சாண்டா ஃபேயைவிட 17 சென்டிமீட்டர் ஒடுங்கியது. ஆனால் அதன் ஏழு பேர் வகையில் நடுவில் இரண்டு தனி இருக்கைகள், பின்னால் மூன்று பேர் உட்காரும் வரிசை. இரண்டு தனி இருக்கைகளிலும் குழந்தை சீட்டை மாட்டிவிட்டு அவற்றுக்கு நடுவே நடந்தே பின்னால் போய்விடலாம், எதையும் மடிக்க வேண்டாம். கதவு பக்கத்துக் காரைத் தொடவே தொடாது. தரையும் தாழ்வு, அப்பா காலை உயரத் தூக்க வேண்டியதில்லை. எங்கள் மாமியாரை இப்படி ஒரு வண்டியில் ஏற்றி இறக்கிப் பழகியவள் என்ற முறையில் சொல்கிறேன், கதவு பின்னால் நகர்ந்து முழு வாசலும் திறக்கும்போது வயதானவர்களின் முகத்தில் தெரிகிற நிம்மதி இருக்கிறதே, அது வேறு.

எஸ்யூவிக்கு இருக்கிற நல்ல விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், நியாயம் வேண்டும் அல்லவா. முன் இருக்கையின் உயரம் முழங்கால் வலிக்காரர்களுக்கு ரொம்பப் பொருந்தும். செடான் கார் போல் கீழே விழுந்து உட்கார வேண்டாம், எழும்போது கையை ஊன்றித் தள்ளவும் வேண்டாம், அம்மா பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்து காலை உள்ளே திருப்பினால் போதும். சாலையும் நன்றாகத் தெரியும். நீ எப்போதும் ஐந்து பேரோடுதான் போவாய், அம்மா அப்பா வாரக் கடைசியில் மட்டும் வருவார்கள் என்றால் நானே சொரெண்டோவையோ ஸ்கோடா கோடியாக்கையோ வாங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் உங்கள் வீட்டில் அப்படி இல்லை. பாலிகிளினிக், தேக்கா மார்க்கெட், சிராங்கூன் ரோட்டுக் கோவில், எங்கே போனாலும் ஏழு பேரும் சேர்ந்தே போகிற குடும்பம் உன்னுடையது. அது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும்.

ஏழு பேரும் ஏறிய பிறகு பூட்டில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதையும் பார். மூன்றாவது வரிசையை நிமிர்த்திய பிறகு பல ஏழு பேர் எஸ்யூவிகளில் கடைக்குப் போய் வந்த பைகள் சில நிற்கும், அவ்வளவுதான். தள்ளுவண்டி நிற்காது. ஜோகூர் போய் ஒரு இரவு தங்கி வருவதென்றால்கூட ஏழு பேர் துணிமணி எங்கே போகும்? கூரைமேல் பெட்டி வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வைக்கலாம், ஆனால் உங்கள் பலமாடி கார் நிறுத்துமிடத்து வாசலில் உயர அளவு எழுதித் தொங்குகிறதே, அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்.

மலேசியா பயணம் என்றதும் இன்னொன்று. உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடியில் பள்ளி விடுமுறை நெரிசலில் கார் மணிக்கணக்கில் நகராமல் நிற்கும். மூன்றாவது வரிசைக்கு ஏசி காற்று தனியாக வருகிறதா என்று கட்டாயம் பார். முன்னால் குளிர்ந்து கிடக்கும், பின்னால் அப்பாவும் பெரியவளும் வியர்த்துக்கொண்டிருப்பார்கள், ஓட்டுகிற உனக்கு அது தெரியவே தெரியாது. மற்றபடி இங்கிருந்து கிளம்பும்போது முக்கால் டேங்க் பெட்ரோல், அந்தப் பக்கம் போய்ப் போட்டால் ரோன் 97 ரகப் பெட்ரோல், விஇபி (மலேசியாவுக்குள் நுழையும் வெளிநாட்டுக் கார்களுக்கான அனுமதி) பதிவு, இதெல்லாம் உனக்குப் பழக்கம்தான்.

சரி, காசு. பெரிய கார் என்றால் விலை மட்டும் கூடுவதில்லை, அதன்மேல் வரும் ஒவ்வொன்றும் கூடும். 1600 சிசிக்கு மேல் போனாலோ 97 கிலோவாட் சக்திக்கு மேல் போனாலோ அது பி பிரிவு சிஓஇ, அதாவது கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் காலவரை உள்ள உரிமைச் சான்றிதழ்; அதற்கு உட்பட்ட சின்ன கார்களுக்கு ஏ பிரிவு (மின்சாரக் காருக்கு 110 கிலோவாட் வரை ஏ பிரிவு). நீ பார்க்கிற ஹைப்ரிட் சாண்டா ஃபே 1.6 லிட்டர்தான் என்றாலும் சக்தி அதிகம், அதனால் பி. நான் சொன்ன நோவாவும் பி பிரிவுதான், அதை மறைக்கவில்லை. 2023 அக்டோபரில் பி பிரிவு சிஓஇ 150,001 சிங்கப்பூர் வெள்ளியைத் தொட்டது ஞாபகம் இருக்கிறதா? அப்புறம் ஏஆர்எஃப், கூடுதல் பதிவுக் கட்டணம். ஓஎம்வியில் (வரிகள் சேர்க்கும் முன் காரின் சந்தை மதிப்பு) முதல் 20,000 வெள்ளிக்கு நூறு விழுக்காடு, அடுத்த 20,000 வெள்ளிக்கு 140 விழுக்காடு, அதற்கு மேல் இன்னும் ஏறும். 20,000 வெள்ளி ஓஎம்வி உள்ள காருக்கு ஏஆர்எஃப் 20,000 என்றால், 30,000 வெள்ளி ஓஎம்விக்கு 34,000. ஓஎம்வி 20,000 வெள்ளியைத் தாண்டினால் வாங்கும் விலையில் 60 விழுக்காடுதான் கடன் கிடைக்கும், அதையும் ஏழு வருடத்துக்குள் அடைத்துவிட வேண்டும். 200,000 வெள்ளி காருக்கு 80,000 கையில் இருக்க வேண்டும் என்று அர்த்தம், அதுவும் மூன்றாவது குழந்தை பிறக்கிற வருடத்தில்.

இந்தக் கணக்கு இடித்தால் டொயோட்டா சியென்டா ஹைப்ரிட்டைப் பார். ஏ பிரிவு, ஏழு இருக்கை, சறுக்குக் கதவு, நீளம் 4.26 மீட்டர்தான். ஆனால் மூன்றாவது வரிசை சின்னது, பெரியவள் உட்காரலாம், அப்பாவை அதில் நீண்ட தூரம் உட்கார வைக்காதே. நடுவில் தனி இருக்கைகளும் இல்லை, மேலே சொன்ன ஒற்றை இருக்கை விஷயத்தை இதிலும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஐந்தாறு வருட சிஓஇ மிச்சம் உள்ள பழைய நோவாவைத் தேடலாம். எந்தக் காரானாலும் மொத்த விலையைப் பார்த்து மலைக்காதே, வருடத்துக்குத் தேய்மானம் எவ்வளவு என்று வகுத்துப் பார், அப்போதுதான் இரண்டு கார்களை ஒப்பிட முடியும். என் கருத்தைக் கேட்டால், காசு இடம் கொடுத்தால் நோவா மாதிரி ஒரு வண்டி, கொடுக்காவிட்டால் அதிலேயே பழையது. சாண்டா ஃபே எனக்கும் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது, ஆனால் உன் வீட்டு ஏழு பேரை வைத்துப் பார்க்கும்போது அது மூன்றாவதாகத்தான் வருகிறது.

ஷோரூமுக்கு நீ தனியாகப் போகாதே. எங்களிடம் ஒரு இடத்தில் "ஏழு பேரும் தாராளமா உக்காரலாம்" என்று விற்பனையாளர் சொன்னார். உன் மாமா மூன்றாவது வரிசையில் ஏறி உட்கார்ந்தார், முழங்கால் நெஞ்சுக்கு வந்தது, தலை கூரையில் இடித்தது. அவர் இறங்கி வந்ததும் அந்தப் பேச்சே அதோடு நின்றுவிட்டது. அதனால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. வீட்டில் இருக்கிற இரண்டு குழந்தை சீட்டையும் தூக்கிக்கொண்டு போ, கூச்சப்படாமல் மாட்டிக் காட்டச் சொல். மாட்டிய பிறகு அப்பா பின்னால் ஏறி இறங்கட்டும், நீ ஒன்றும் சொல்லாமல் அவர் கையால் எதைப் பிடிக்கிறார் என்று மட்டும் கவனி. பிடிக்க ஒரு கைப்பிடி இல்லாமல் இருக்கையின் முதுகைப் பிடித்து இழுத்தால் அந்தக் கார் அவருக்கு ஆகாது. அவரைக் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பார், அவர் எப்போது குறை சொல்லியிருக்கிறார்?

வர்ற சனிக்கிழமை காலையில் நானும் வருகிறேன். கைக்குழந்தைக்கான சீட் எங்கள் வீட்டு ஸ்டோர் ரூமில் இருக்கிறது, அதையும் எடுத்து வருகிறேன், ஆனால் அதன் காலாவதி தேதியைப் பார்த்துவிட்டுத்தான் உனக்குத் தருவேன். அளவு நாடாவை நீ எடுத்துக்கொள். அதற்கு முன்னால் அந்தத் தாளில் ஏழு பெயரையும் எழுதி எனக்கு ஒரு படம் அனுப்பு.

அன்புடன்,
அக்கா