வசூல் வேறு, வரவு வேறு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் செய்தி கிடைத்தது. போனில் நான் கணக்குப் பேச ஆரம்பித்தால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே நீ வேறு வேலை பார்ப்பாய். எழுதி அனுப்பினால் ஒரு தடவையாவது முழுசாகப் படிப்பாய் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் சிநேகிதன் இசைப்படம் எடுக்கிறான், உன் சேமிப்பிலிருந்து பணம் போடச் சொல்கிறான். அதற்கு அவன் காட்டும் ஆதாரம் 'லா லா லேண்ட்'. 2016இல் வெளிவந்த படம், செலவு 3 கோடி டாலர், உலகம் முழுக்க வசூல் 44 கோடி டாலருக்கு மேல், ஆகவே போட்ட பணத்துக்குக் கிட்டத்தட்ட 15 மடங்கு என்கிறான். இரண்டு எண்களும் சரி. ஒன்றை மற்றொன்றால் வகுத்தானே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வசூல் என்று வெளியே சொல்வது, டிக்கெட் வாங்கியவர்கள் கொடுத்த மொத்தப் பணம். அதில் முதலில் வரி கழியும். பிறகு தியேட்டர்காரர் தன் பங்கை எடுத்துக்கொள்வார். ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம் அது மாறும், ஆனாலும் ஏறக்குறையப் பாதி என்று வைத்துக்கொள். சீனாவில் ஓடும் வெளிநாட்டுப் படத்துக்கு நூற்றில் 25தான் திரும்பி வரும். மிச்சத்தில் விநியோகஸ்தர் தன் கமிஷனைப் பிடித்துக்கொள்வார். விளம்பரத்துக்குச் செலவழித்ததையும் பிடித்துக்கொள்வார், அந்தச் செலவு படத்தின் பட்ஜெட்டில் ஒரு வரிகூட இருக்காது. இவ்வளவும் போய் வடிந்து வருவதுதான் படம் எடுத்தவன் கைக்கு வருகிறது. அதனால்தான் செலவைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு வசூல் வந்தால்தான் கையைக் கடிக்காது என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மனக்கணக்காகச் சொல்வார்கள். 'லா லா லேண்ட்' பெரிய லாபம் பார்த்த படம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 15 மடங்கு யார் பைக்கும் போகவில்லை.

நான் விநியோக ஆபீஸில் கணக்கு எழுதிய காலத்தில் முதல் வாரம் முடிந்ததும் தயாரிப்பாளர்கள் சிரித்த முகத்தோடு வருவார்கள். தியேட்டரிலிருந்து வந்த தினசரி வசூல் தாளின் அடியில் இருக்கும் மொத்தத்தில் விரலை வைத்து, "இவ்வளவு ஆகியிருக்கே, செக் எப்போம்மா?" என்பார்கள். நான் வலது பக்கம் இருக்கும் கழிவுப் பத்திகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போவேன். கடைசிப் பத்திக்கு வருவதற்குள் முகம் மாறிவிடும்.

இது இன்று நேற்று வந்த கதையும் இல்லை. 1939இல் எம்.ஜி.எம். ஸ்டூடியோ எடுத்த 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்துக்கு ஏறக்குறைய 27.7 லட்சம் டாலர் செலவு. முதல் சுற்றில் 30 லட்சம் டாலர் அளவுக்கு வந்தது. உன் சிநேகிதன் கணக்குப்படி லாபம். ஸ்டூடியோவின் பேரேட்டிலோ 11 லட்சத்துக்கு மேல் நஷ்டம். பிரதி போட்ட செலவு, விளம்பரம், விநியோகச் செலவு எல்லாம் சேர்ந்து தின்றுவிட்டன. 1949இல் மறுபடி திரையிட்ட பிறகுதான் அந்தப் படம் லாபக் கணக்குக்கு வந்தது. பத்து வருஷம், கண்ணா. உன் பணம் பத்து வருஷம் காத்திருக்குமா?

இனிச் செலவுப் பக்கம். இரண்டு பேர் மேஜையில் உட்கார்ந்து பேசும் காட்சியை ஒரு நாளில் எடுத்துவிடலாம். அதே இரண்டு பேர் அதே மேஜையைச் சுற்றிப் பாடி ஆட வேண்டுமென்றால், மெட்டு முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும், பாட்டு பதிவாகியிருக்க வேண்டும், நடன அமைப்பாளர் மெட்டைக் கேட்டு அசைவுகளைக் கட்டியிருக்க வேண்டும், நடிகர்கள் வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். ஒத்திகை நாளில் கேமரா ஓடாது, சம்பளம் ஓடும். புதிதாகப் படம் எடுக்கிறவர்கள் பட்ஜெட்டில் இந்த வரியைத்தான் முதலில் குறைப்பார்கள். குறைக்கவே கூடாத வரியும் இதுதான்.

அவன் காட்டும் படத்தையே எடுத்துக்கொள். ஆரம்பத்தில் வாகன நெரிசலில் ஒரு பாட்டு வருமே, அது லாஸ் ஏஞ்சல்ஸில் இரண்டு பெரிய நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடத்தில் நிஜமான மேம்பாலச் சாய்தளத்தில் எடுத்தது. அதை மூடி வைக்க ஒரு வார இறுதிதான் அனுமதி. சனி, ஞாயிறு இரண்டு நாள், கொளுத்தும் வெயில், நூறு பேருக்கு மேல் ஆட்டக்காரர்கள். பார்ப்பதற்கு ஒரே ஷாட் போலத் தெரியும். தனித்தனியாக எடுத்த சில ஷாட்களை ஒட்டுத் தெரியாமல் இணைத்தது. அந்த இரண்டு நாளில் முடிந்ததென்றால், அதற்கு முன்னால் ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் கார்களை நிறுத்தி வைத்து ஒத்திகை பார்த்திருந்தார்கள். எந்தக் காரின் கூரையில் யார் ஏறுவது, கேமரா எந்தக் காரைத் தாண்டும் என்பதெல்லாம் அங்கேயே தீர்மானமாகிவிட்டது. சாலையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் திங்கட்கிழமை காலை பாதிப் பாட்டோடு சாலையைத் திறந்து விட்டிருக்க வேண்டும். உன் சிநேகிதன் படத்தில் எட்டுப் பாட்டு என்கிறாய். எட்டுக்கும் சேர்த்து எத்தனை ஒத்திகை நாள் போட்டிருக்கிறான் என்று கேள்.

படப்பிடிப்பிலேயே நேராகப் பாட வைத்தால் செலவு மிச்சம் என்று அவன் சொன்னதாக எழுதியிருந்தாய். 2012இல் 'லே மிசெராப்ள' அப்படித்தான் எடுத்தார்கள். நடிகர் காதுக்குள் சின்னக் கருவி, அதில் பியானோ மட்டும் கேட்கும், அவர் பாடுவார். முழு வாத்தியக் குழுவும் பிறகு அந்தக் குரலுக்கு ஏற்ப வாசித்துச் சேர்க்கும். அழகான முறைதான். மிச்சமாகும் என்பதைத்தான் நான் நம்பமாட்டேன். இங்கே குறைவது பின்னால் ஒலிக்கூடத்தில் ஏறும்.

ஒரு வெற்றியை நம்பிச் செலவைப் பெருக்கிய கதை ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் ஸ்டூடியோவுடையது. 1963இல் 'கிளியோபாட்ரா' 3 கோடி டாலருக்கு மேல் விழுங்கி அந்த ஸ்டூடியோவைப் படுக்க வைத்திருந்தது. அந்த நிலையில் 82 லட்சம் டாலரில் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' எடுத்தார்கள். அது முதலில் மேடை நாடகம், அதன் திரைப்பட உரிமைக்கு மட்டும் 1960லேயே 12.5 லட்சம் கொடுத்திருந்தார்கள். சால்ஸ்பர்க்கில் ஆறு வாரம் என்று திட்டமிட்ட படப்பிடிப்பு மழையால் பதினோரு வாரமாக இழுத்தது. 1965 மார்ச்சில் வெளிவந்தது. அடுத்த வருஷக் கடைசிக்குள் 'கான் வித் த விண்ட்' வைத்திருந்த வசூல் சாதனையைத் தாண்டிவிட்டது. இதுவரை எல்லாச் சுற்றும் சேர்த்து 28 கோடியே 60 லட்சம் டாலர் என்கிறார்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால் புண்ணியம். பணத்தைப் பார்த்ததும் அதே அச்சில் வரிசையாக வார்த்தார்கள். 1967இல் 'டாக்டர் டூலிட்டில்', ஏறக்குறைய 1.7 கோடி. 1968இல் 'ஸ்டார்!', 1.4 கோடி, அதே இயக்குநர் ராபர்ட் வைஸ், அதே கதாநாயகி ஜூலி ஆண்ட்ரூஸ். ஓடவில்லை. வெட்டிக் குறைத்து வேறு பெயர் வைத்து மறுபடி விட்டுப் பார்த்தார்கள், அப்போதும் ஓடவில்லை. 1969இல் 'ஹலோ, டாலி!', 2.5 கோடி அளவில். அதற்காக 1890களின் நியூயார்க் தெருவை ஸ்டூடியோ வளாகத்திலேயே கட்டினார்கள், ஆயிரக்கணக்கில் துணை நடிகர்களை வைத்து ஊர்வலம் எடுத்தார்கள். கணக்குக்காரியாக எனக்கு வயிற்றெரிச்சல் தெருவைப் பார்த்து அல்ல. இதுவும் மேடை நாடகத்திலிருந்து வந்த படம், அந்த நாடகம் மேடையில் ஓடும்வரை படத்தை வெளியிடக் கூடாது என்று உரிமை ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. 1968இல் எடுத்து முடித்த படம் 1969 டிசம்பர் வரை பெட்டிக்குள் கிடந்தது. முன்கூட்டி வெளியிட அதற்கும் தனியாகப் பணம் கொடுத்தார்கள். அத்தனை நாளும் போட்ட முதலுக்கு வட்டி ஏறிக்கொண்டே இருந்திருக்கும். 1970இல் ஃபாக்ஸின் நஷ்டம் 7.7 கோடி டாலர். முழுவதும் இசைப்படங்களால் வந்ததில்லை என்றாலும் அவற்றின் பங்கு பெரிது.

'தி காட்ஃபாதர்' எடுத்த இயக்குநர் கொப்போலா கதை இன்னும் மோசம். 'ஒன் ஃப்ரம் த ஹார்ட்' படத்துக்கு லாஸ் வேகஸுக்கே போய் எடுத்திருக்கலாம். ஸ்டூடியோவுக்குள்ளேயே அந்த நகரத்தைக் கட்டினார். 2.6 கோடி டாலர் செலவு, 1982இல் வெளிவந்து வந்த வசூல் 6.4 லட்சத்தைத் தொடவில்லை. சொந்த ஸ்டூடியோவையே விற்க வேண்டி வந்தது. அவ்வளவு பெரிய மனிதருக்கே அந்த நிலை.

உடனே நீ 'தி கிரேட்டஸ்ட் ஷோமேன்' என்பாய். தெரியும். 2017 கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்து முதல் வார இறுதியில் 88 லட்சம் டாலர்தான் பார்த்தது, 8.4 கோடி போட்ட படம். எல்லாரும் முடிந்தது என்றார்கள். அடுத்த வார இறுதியில் வசூல் கூடியது. பாட்டு பரவப் பரவ ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், உலக அளவில் 43 கோடியைத் தாண்டியது. பாட்டு உள்ள படத்துக்கு அந்த அதிர்ஷ்டம் உண்டு, ஒரு தடவை பார்த்தவன் மறுபடி வருவான். ஆனால் இரண்டாம் வாரம் ஆள் வரவேண்டுமானால் இரண்டாம் வாரம் தியேட்டரில் படம் இருக்க வேண்டும். பெரிய ஸ்டூடியோ படத்தைத் தூக்கத் தயங்குகிற தியேட்டர்காரர், உன் சிநேகிதன் படத்தைத் திங்கட்கிழமையே தூக்கிவிடுவார். 2021இல் 'இன் த ஹைட்ஸ்' நல்ல பெயர் வாங்கியும் 5.5 கோடி செலவுக்கு 4.5 கோடி வசூலோடு நின்றது. அமெரிக்காவில் வெளியான அன்றே வீட்டுத் திரைக்கும் வந்துவிட்ட படம் அது.

இவ்வளவும் சொல்லி, போடாதே என்று நான் சொல்லவில்லை. எதில் பங்கு கேட்கிறாய் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஜூலி ஆண்ட்ரூஸுக்கு 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்துக்குப் பேசிய சம்பளம் 2,25,000 டாலர், லாபத்தில் பங்கு கிடையாது. நாடக உரிமையை விற்ற தரப்போ வசூலில் சதவீதம் பேசி வைத்துக்கொண்டது. முகம் அந்த அம்மாவுடையது, குரல் அந்த அம்மாவுடையது, வருஷம் வருஷமாக வருமானம் வேறு இடத்துக்குப் போயிற்று. இசைப்படத்தில் டிக்கெட் சில வாரங்களில் தீர்ந்துவிடும், பாட்டுதான் பின்னால் சம்பாதிக்கும். ஆல்பம், இணையத்தில் கேட்பது, தொலைக்காட்சி, மேடை என்று அது போய்க்கொண்டே இருக்கும். எனவே படத்தின் நிகர லாபத்தில் 10 சதவீதம் என்று அவன் கொடுக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. எல்லாம் கழிந்த பிறகுதான் அது கணக்காகும், கழிவை எழுதுகிறவன் அவன். பாட்டு வருமானத்தில் ஒரு பங்கு கேள். படத்துக்கு வரும் முதல் பணத்திலிருந்து நீ போட்ட பணம் திரும்பி வர வேண்டும், அவனுடைய சம்பளம் அதற்குப் பிறகு என்று வரிசையை எழுதச் சொல்.

இரண்டு பழைய பாட்டுகளையும் சேர்க்கப் போவதாக எழுதியிருக்கிறாய். மெட்டும் வரியும் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கும், ஒலிப்பதிவு இன்னொருவருக்கு. பழைய பதிவையே போடுவதானால் இரண்டு பேரிடமும் வாங்க வேண்டும். எந்தெந்த நாட்டுக்கு, எத்தனை வருஷத்துக்கு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். திரைப்பட விழாவுக்கு மட்டும் என்று மலிவாக வாங்கி வைத்திருந்தால், நாளைக்கு ஓடிடிக்காரர் அந்த ஒரு தாளைப் பார்த்துப் படத்தையே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

பட்ஜெட் தாளை எனக்கு அனுப்பு. ஒத்திகை, உரிமை, விளம்பரம், வட்டி இந்த நாலு வரியும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை வீட்டுக் கடனுக்கு எடுத்து வைத்திருக்கும் பணத்தைத் தொடாதே, கைமாற்று என்று கேட்டாலும் கொடுக்காதே. அவனிடம் முகம் சுளிக்கவும் வேண்டாம். அனுப்பியிருந்த மாதிரிப் பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. அப்பா மறுபடி போடச் சொல்லிக் கேட்டார், இரண்டாம் சரணம் நீளம் என்றார்.

அன்புடன்,
அம்மா