மேசைக்கு அடியில் உட்காரும் பையன்

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு போனை வைத்த பிறகும் உன் குரல் காதிலேயே இருந்தது. "18 பிள்ளைங்கம்மா. ஒரு பாடம் தயார் பண்ணிக்கொண்டு போனால் ஆறு பேருக்குத்தான் பொருந்துது. நாலு பேருக்கு அது ஏற்கெனவே தெரியும். மிச்சப் பேர் எங்கேயோ பார்க்கிறாங்க. அதுக்காக 18 பாடமா எழுத முடியும்?" என்று கேட்டாய். பாட்டு நேரத்தில் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் அந்தப் பையனைப் பற்றிச் சொல்லும்போது அழுதுவிட்டாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

18 பாடம் எழுத வேண்டாம். யாராலும் முடியாது. ஒரே வேலையை ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு எட்டும் இடத்தில் தொடங்கும்படி வைத்தால் போதும். ஒரு தட்டு நிறைய இலைகளைக் கொண்டுபோய் வை. ஒருத்தி நிறம் பார்த்துப் பிரிப்பாள். ஒருவன் பெரியது, சிறியது என்று வரிசை வைப்பான். எண்ணத் தெரிந்தவள் எண்ணுவாள். இன்னொருவன் கசக்கி மோந்து பார்த்துக்கொண்டே இருப்பான். அவன் நேரத்தை வீணாக்கவில்லை, அன்றைக்கு அவனுக்கு அதுதான் பாடம். யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து, அவரவருக்கு அடுத்த ஒரு படியை மட்டும் காட்டு. கசக்குகிறவனிடம் "இது வழவழன்னு இருக்கா, சொரசொரன்னு இருக்கா?" என்று கேள். எண்ணி முடித்தவளிடம் "ரெண்டு எடுத்துட்டா மிச்சம் எத்தனை?" என்று கேள். சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1930களில் சொன்னது இதுதான்: பிள்ளை தனியாகச் செய்ய முடிவதற்கும், ஒருவர் துணை இருந்தால் செய்ய முடிவதற்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, கற்பிப்பவர் கை கொடுக்க வேண்டியது அங்கேதான். அந்த இடம் பிள்ளைக்குப் பிள்ளை வேறு.

அப்புறம், வருகைப் பதிவேட்டை ஒருமுறை பெயர் வரிசையில் இல்லாமல் பிறந்த தேதி வரிசையில் எழுதிப் பார். வகுப்பில் மூத்த பிள்ளைக்கு 48 மாதம் என்றால் கடைசிப் பிள்ளைக்கு 37 மாதம் இருக்கலாம். நமக்கு 11 மாதம் பெரிதில்லை. 37 மாதப் பிள்ளைக்கு அது இதுவரை வாழ்ந்த வாழ்க்கையில் கால் பங்குக்கும் மேல். "இவங்க மட்டும் ஏன் பின்தங்குறாங்க?" என்று நீ சொன்ன மூன்று பேரில் இரண்டு பேராவது அந்தப் பட்டியலின் அடியில்தான் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

கை விஷயமும் அப்படித்தான். மணிக்கட்டில் இருக்கும் 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகத்தான் இறுகும், கடைசி எலும்பு இறுகத் தொடங்கவே ஒன்பது, பத்து வயதாகிவிடும். மூன்று வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்து, எழுத்தின் மேல் எழுத்தாக எழுதவைப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. களிமண் கொடு. ஈர ஸ்பாஞ்சைப் பிழியச் சொல். துணி மாட்டும் க்ளிப்பைக் கயிற்றில் மாட்டச் சொல். கிரையானை உடைத்துச் சின்னத் துண்டாகக் கொடுத்தால், முழுக் கையால் பிடிக்க இடமில்லாமல் விரல் நுனிக்குத் தானே வந்துவிடும். நூற்றில் சுமார் 10 பேர் இடதுகைக்காரர்கள், ஆகவே உன் வகுப்பில் ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். அவர்களுக்கு இடதுகைக் கத்தரிக்கோல் வாங்கி வை. சாதாரணக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் வெட்ட வேண்டிய கோட்டை அலகு மறைத்துவிடும், பேப்பரும் வெட்டுப்படாமல் மடங்கும். நாமோ பிள்ளைக்கு வெட்டத் தெரியவில்லை என்று எழுதிவிடுவோம்.

நான் செய்த ஒரு தப்பை இப்போது சொல்கிறேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம். நாலு வயதுப் பையன். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். கதை சொல்லும்போது பக்கத்தில் இருப்பவனைச் சீண்டுவான். எல்லோரும் எழுந்த பிறகுதான் எழுவான். சில நாட்களில் மட்டும் சொன்னதையெல்லாம் சரியாகச் செய்வான். அதனாலேயே, மற்ற நாட்களில் வேண்டுமென்றே செய்கிறான் என்று முடிவுகட்டிவிட்டேன். குறிப்பேட்டில் 'அடம், சொன்ன பேச்சு கேட்பதில்லை' என்று எழுதி, கடைசியில் தனியாக உட்காரவைத்தேன். ஐந்து மாதம் அப்படியே போனது. ஒருநாள் அவன் பாட்டி வந்து, டாக்டரிடம் காட்டியதாகச் சொன்னார். நடுக்காதில் நீர் கோத்திருக்கிறது, சளி பிடிக்கும்போதெல்லாம் காது மந்தமாகிவிடுகிறது. இந்த வயதில் நிறையப் பிள்ளைகளுக்கு வருவதுதான் இது. ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், அடுத்த வாரம் கேட்காது. அவனை நான் உட்காரவைத்திருந்ததோ என் குரல் எட்டாத இடத்தில். மறுநாள் எனக்கு நேர் முன்னால் உட்காரவைத்து, தோளைத் தொட்டு, முகம் பார்த்துப் பேசினேன். அவன் சிரித்தான். அந்த ஐந்து மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அதன் பிறகு கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுதினேன். 'முரடன்' என்று எழுதினால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 'கட்டை அடுக்கும் இடத்தில் மூன்றாவது ஆள் வந்ததும் தள்ளினான்' என்று எழுதினால் இடத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுக்கலாம் என்று தோன்றும். நீயும் ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளைகள், ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று எழுது. 9 வேலை நாளில் 18 பேரும் முடிந்துவிடுவார்கள். ஏதாவது உறுத்தினால் பெயர் வைக்காதே. நோயைக் கண்டுபிடிப்பது நம் வேலையில்லை. பார்த்ததைப் பெற்றோரிடம் சொல், காது கண் பரிசோதனைக்குச் சொல், வீட்டில் எப்படி இருக்கிறான் என்று கேள்.

பேசாத பிள்ளைகளைப் பற்றியும் கேட்டாய். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளை புது மொழிக்குள் வரும்போது மாதக்கணக்கில்கூட வாய் திறக்காமல் இருக்கலாம். உள்ளே வாங்கிக்கொண்டுதான் இருக்கும். கையால் காட்டினால் அதையே பதிலாக எடுத்துக்கொள். மற்றவர்களிடம் கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் மூன்று எண்ணு. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேட்டுவிட்டு 1 நொடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். 3 நொடியாவது காத்திருந்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள்.

சரி, மேசைக்கு அடியில் இருக்கும் பையனுக்கு வருகிறேன்.

உனக்கு நினைவிருக்காது. மூன்று வயதில் உன்னைப் பள்ளியில் விட்டபோது, இரண்டு மாதம் நீ கதவோரத்திலேயே நின்றாய். விளையாட்டுக்கு வரவில்லை, பாட்டுக்கு வரவில்லை, அழவும் இல்லை. பார்த்துக்கொண்டே நின்றாய். மற்றவர் பிள்ளை என்றால் பொறுத்திருப்பேன், என் பிள்ளை என்றதும் பதறிப்போனேன். உன் மிஸ்ஸிடம் போய், "உள்ளே இழுத்து விடுங்க" என்றேன். அவர் மறுத்துவிட்டார். கதவோரத்தில் ஒரு குட்டி நாற்காலியைப் போட்டு, "அவ இடம் இதுதான், எப்போ வேணும்னாலும் வரட்டும்" என்றார். அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற இருவர் 1956இல் நியூயார்க்கில் தொடங்கிய நீண்ட ஆய்வைப் பற்றி எனக்குச் சொன்னதும் அவர்தான். அவர்கள் தொடர்ந்து கவனித்த குழந்தைகளில் 100க்கு 15 பேர் போல, புது இடத்தில் மெதுவாகத்தான் பழகுகிறவர்கள். அது குறையில்லை, சுபாவம். அவசரப்படுத்தினால் இன்னும் பின்வாங்குவார்கள் என்றார். நீ வீட்டுக்கு வந்து, தலையணையை எதிரில் சாய்த்து வைத்து, அன்று பாடிய எல்லாப் பாட்டையும் அடி பிசகாமல் அதற்குச் சொல்லிக்கொடுத்தாய்.

அதனால் அவனை வெளியே இழுக்காதே. மூன்று நாள் பார். எந்தப் பாட்டுக்குப் போகிறான்? கைதட்டல் சத்தம் கூடும்போதா, விளையாட்டை நிறுத்தச் சொன்ன உடனேயா? சத்தம்தான் என்றால் வட்டத்துக்கு வெளியே அவனுக்கு ஓர் இடம் கொடு, கைதட்டலை விரல்தட்டலாக மாற்று. விளையாட்டை விட்டு வருவது கஷ்டம் என்றால் ஐந்து நிமிஷம் முன்பே போய் அவன் பக்கத்தில் குனிந்து சொல், மணல் கடிகாரத்தைத் திருப்பி அவன் கையில் கொடு. "அவனுக்கு மட்டும் ஏன்?" என்று மற்றவர்கள் கேட்டால், "அவனுக்கு அது வேணும், உனக்கு என்ன வேணும்?" என்று திருப்பிக் கேள். பிள்ளைகள் இதை நம்மைவிடச் சீக்கிரம் ஏற்றுக்கொள்வார்கள்.

நாளைக்கு பாட்டு நேரத்தில் ஒரு தடவை தரையில் உட்கார்ந்து மேசைக்கு அடியில் பார், கண்ணு. அவன் உதடு அசைகிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு போன் பண்ணு.

அம்மா