என் கம்ப்யூட்டருக்குள்ள நீ வர்ற வழி

பாப்பா,

போன்ல சொன்னா பாதியிலயே "சரிப்பா சரிப்பா"ன்னு வச்சுடுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், பொறுமையா படி. தூரத்துல இருந்து என் கம்ப்யூட்டரை இயக்கற அந்த ஆப்பை போட்டு வர்ற நம்பரை படிச்சு சொல்லுங்கப்பா, அஞ்சு நிமிஷத்துல நானே உள்ள வந்து அந்த பழைய ஃபைலை எல்லாம் மாத்தி முடிச்சுடறேன்னு நீ சொன்னதுக்கு நான் மாட்டேன்னது கோவத்துல இல்ல. உள்ள வராதன்னும் சொல்லல. வா, ஆனா நான் சொல்ற வழியில வா.

நம்ம பழைய தோட்டத்து லயத்துல இருந்து இந்த தாமான் குடியிருப்புக்கு குடிவந்தவங்கள்ல ஒரு அக்காவுக்கு என்ன நடந்துச்சுன்னு உனக்கு அம்மா சொல்லியிருப்பா. இன்டர்நெட் லைன்ல கோளாறு, சரி பண்ணித் தர்றோம்னு ஒருத்தன் போன் அடிச்சு, நல்ல தமிழ்லயே பேசி, இதே மாதிரிதான் ஒரு ஆப்பை போட சொல்லி நம்பரை படிக்க சொல்லியிருக்கான். அந்தம்மாவும் படிச்சுட்டாங்க. உடனே ஸ்கிரீன் கறுப்பா போச்சாம், ரிப்பேர் நடக்குதுன்னு அவன் சொல்ல இவங்க அதை பாத்துக்கிட்டே உக்காந்திருக்காங்க, எடுத்து வச்சிருந்த இபிஎஃப் சேமநிதி காசு பூரா போச்சு. இந்த மாதிரி மோசடின்னா 997க்கு அடிக்கணும்னு யாரோ சொல்லி அவங்களுக்கு தெரிஞ்சதே மறுநாள்தான். அந்த ஆப்பு மேல நான் குத்தம் சொல்லல, ஆபீஸ்ல எல்லாம் நல்லதுக்குத்தான் பயன்படுத்துறாங்க, ஆனா நம்பரை படிக்கிற பழக்கம் ஒரு தடவை வந்துடுச்சுன்னா அடுத்த தடவை போன்ல பேசறது மகளா மத்தவனான்னு யோசிக்க தோணாது. அந்த பழக்கமே எனக்கு வேணாம்.

அதோட இந்த பெட்டியில இருக்கறது என் சொந்த விஷயம் மட்டும் இல்ல. மரண சகாய நிதி மெம்பர்ஸ் லிஸ்ட் பூரா இதுலதான் இருக்கு, பேர், ஐசி அடையாள அட்டை நம்பர், வாரிசு யாரு, யார் சந்தா கட்டல எல்லாம். மாரியம்மன் கோயில் வசூல் கணக்கும் இதுலதான். தோட்டத்து ஆபீஸ்ல கிராணியா கணக்கெழுதின காலத்துல செக்ரோல்ங்கற சம்பளப் புத்தகத்தை ஆபீஸ் வாசப்படி தாண்ட விட்டதில்ல நான், இப்ப ரிட்டயர் ஆயிட்டேன்னு விட்டுடுவேனா.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சதும், 11ஐ இந்த பழைய பெட்டி ஏத்துக்காதுன்னு சொன்னதும், பின்னாடி வீட்டு மாமா மகன் வந்து விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட் போட்டு கொடுத்தான் இல்லையா, அது நல்லாவே ஓடுது. தகராறு பண்றது அந்த பழைய ஃபைலுங்கதான். தொண்ணூறுகள்ல அடிச்சது, இப்ப எல்லாரும் பயன்படுத்துற யூனிகோடு முறைக்கு முந்தின எழுத்துரு, இப்ப திறந்தா பேர் எல்லாம் கொக்கி கொக்கியா நிக்குது. நம்ம முத்து நெடுமாறன் 1985லயே தமிழ்ல அடிக்க முரசு மென்பொருள் செஞ்ச நாடு இது, அந்த காலத்துல இருந்து தமிழ்ல அடிச்சு வச்ச கணக்கு எத்தனை கோயில் அலமாரியில இப்படி கிடக்குதோ. இதை மாத்தறதுக்குத்தான் நீ வரணும், வேற ஒண்ணுக்கும் இல்ல.

அந்த பையன்கிட்ட கேட்டேன், ஏண்டா அவ அங்க சிங்கப்பூர்ல உக்காந்துக்கிட்டு இதை பாக்கணும், ஆனா யாரும் நடுவுல பூரக்கூடாது, வழி இருக்கான்னு. விஎன்சின்னு ஒண்ணு இருக்கு மாமா, ஒரு பெட்டியோட ஸ்கிரீனை வேற பெட்டியில இருந்து பாத்து இயக்கறதுன்னான். உனக்கு தெரிஞ்சிருக்கும். கேம்பிரிட்ஜ்ல ஒலிவெட்டி கம்பெனியோட ஆராய்ச்சி கூடத்துல தொண்ணூறுகள்ல செஞ்சு, அப்புறம் யாரு வேணாலும் எடுத்துக்கங்கன்னு விட்டுட்டாங்களாம். அவன் முதல்ல ஒண்ணை போட்டு காட்டினான், அவன் லேப்டாப்புல பாத்தா ஒண்ணுமே இல்லாத வெறும் டெஸ்க்டாப்பு, நான் திறந்து வச்ச ஃபைல் எதையும் காணோம், இங்க என் ஸ்கிரீன்ல அவன் பண்றதும் எனக்கு தெரியல. ஏன்னா அது புதுசா இன்னொரு டிஸ்பிளேவை திறக்குது, நான் உக்காந்திருக்கறது நம்பர் சைபர், அது நம்பர் ஒண்ணு, ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள இருந்தாலும் தனித்தனி. ஒருத்தன் இல்லாத நேரத்துல இன்னொருத்தன் வேலை பாக்கறதுக்கு அது சரி. எனக்கு அது வேணாம்னேன். நான் பாக்கற அதே ஸ்கிரீனை அவ பாக்கணும், அவ மவுசை நகட்டினா என் கண்ணு முன்னால அம்பு நகரணும். அப்படின்னா எக்ஸ்11விஎன்சின்னு வேற ஒண்ணு, அது ஏற்கனவே ஓடிக்கிட்டு இருக்கற டிஸ்பிளே சைபரை அப்படியே எடுத்து காட்டும்னு அதை போட்டான்.

இதுல ஏன் இவ்வளவு பிடிவாதம்னு கேப்ப. தோட்டத்துல சம்பளம் போடற நாள்ல துரை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ஆள் மேசைக்கு முன்னால, எண்ணறது மூணு பேர் கண்ணுலயும் படும், அதுக்கப்புறம்தான் கையெழுத்து. ஊர் காசு சம்பந்தப்பட்ட கணக்கை தொடறதுன்னா எனக்கு இப்பவும் அப்படித்தான் இருக்கணும். நீ செய், நான் பாக்கறேன், எங்க அமுக்கினன்னு நானும் கத்துக்கறேன், அடுத்த தடவை உன்னை கூப்பிடாம நானே செய்வேன்.

சரி, இப்ப பூட்டு விஷயம், இதைத்தான் நல்லா கவனி. விஎன்சி காத்துக்கிட்டு இருக்கறது 5900ங்கற போர்ட்ல, போர்ட்னா பெட்டிக்குள்ள வர்ற வாசலோட நம்பர். அந்த பையன் ரவுட்டர்ல அந்த போர்ட்டை வெளிய திறந்து விட்டுடலாம் மாமா, பாஸ்வேர்ட் போட்டுக்கலாம்னான். நான் வேணாம்னுட்டேன். பழைய விஎன்சி பாஸ்வேர்ட்ல முதல் எட்டு எழுத்துதான் கணக்கு, நீ இருபது எழுத்து அடிச்சாலும் மிச்சத்தை அது பாக்கறதே இல்ல. அதுக்கப்புறம் போற படமும், நீ தட்டற ஒவ்வொரு கீயும் மூடாம வெட்ட வெளிச்சமா போகும். திறந்து கிடக்கற 5900 எங்கன்னு ராத்திரி பகலா தேடிக்கிட்டே இருக்கற மெஷினுங்க உலகம் பூரா இருக்கு. அதனால எக்ஸ்11விஎன்சியை லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் காது கொடுன்னு சொல்லி வச்சாச்சு, அதாவது இந்த பெட்டிக்குள்ள இருந்து வர்றதை தவிர வேற எதையும், நம்ம வீட்டு வைஃபையில இருந்து வந்தாலும் சரி, அது எடுக்காது.

அப்ப நீ எப்படி வர்றது? எஸ்எஸ்எச் வழியா, ரெண்டு பெட்டிக்கு நடுவுல யாரும் ஒட்டுக்கேக்க முடியாத பூட்டின குழாய் மாதிரி அது. பின்லாந்துல ஒரு யுனிவர்சிட்டி நெட்வொர்க்ல பாஸ்வேர்டை ஒட்டுக்கேட்டு திருடினதுக்கு அப்புறம் டாட்டு இலோனென்னு ஒருத்தர் 1995ல எழுதினது, அதுக்கு முந்தின டெல்நெட்டுக்கு போர்ட் 23, எஃப்டிபிக்கு 21, நடுவுல 22 காலியா இருந்துச்சுன்னு அதை கேட்டு வாங்கினாராம், எனக்கு இந்த கதை ரொம்ப புடிச்சிருந்துச்சு. ஆனா நம்ம வீட்டு லைனுக்கு நிலையான அட்ரஸ் கிடையாது, ரவுட்டரையும் திறக்க மாட்டேன், வெளிய இருந்து நேரா வர முடியாது. அதனால இங்க இருந்து நான் வெளிய போறேன், நீ மாசாமாசம் காசு கட்டி வச்சிருக்கியே அந்த சின்ன வாடகை சர்வர், அதுக்கு. என் 22ஐ அங்க 2222ங்கற பேர்ல கொண்டு போய் வைக்கறேன், நீ உன் பக்கத்துல இருந்து சர்வருக்கு போய் அது வழியா என் எஸ்எஸ்எச்சுக்கு வந்து, அந்த குழாய்க்குள்ளயே 5900ஐ இழுத்துக்கணும். நேரா 5900ஐயே சர்வர்ல கொண்டு போய் வைக்கலாமேன்னு நீ சொல்லுவ, அவனும் அதைத்தான் முதல்ல சொன்னான், அப்படி பண்ணினா சர்வருக்குள்ள ஒரு இடத்துல மூடி திறந்து கிடக்கும், அந்த சர்வரை எவனாவது புடிச்சா பாத்துடுவான். என் வழியில உன் லேப்டாப்புல பூட்டினது என் பெட்டியிலதான் திறக்கும், நடுவுல சர்வர் வெறும் சுமை தூக்கறதுதான்.

ரவுட்டர்ல ஒண்ணையும் திறக்கல. பாஸ்வேர்ட் லாகினையும் மூடியாச்சு, சாவி ஃபைல் மட்டும்தான். உன் சாவிக்கு நேரா இங்க ஒரு வரி எழுதி வச்சிருக்கோம், அதை வச்சு 5900க்கு மட்டும்தான் போகலாம், கட்டளை அடிக்கற டெர்மினல் எல்லாம் திறக்காது. மகளுக்கே இப்படியான்னு அம்மா கேட்டா. உன் லேப்டாப்பு ரயில்ல காணாம போனா அப்ப அது மகள் கிடையாது இல்லையா. அதனால உன் சாவிக்கு பாஸ்பிரேஸ், அதாவது அதை திறக்கற ரகசிய வார்த்தை, நீ போடாம வச்சிருந்தா இப்பவே போடு.

முதல் தடவை கனெக்ட் பண்றப்ப ரெண்டு பக்கமும் அந்த பக்கத்து பெட்டியோட கைரேகையை காட்டி இதுதானான்னு கேக்கும், ஷா256ன்னு ஆரம்பிச்சு நீளமா ஒரு எழுத்துக் கூட்டம். யெஸ்னு தட்டிட்டு போயிடாத, எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. சர்வரோடத நீ போன்ல படி, நான் இங்க பென்சில் வச்சு ஒவ்வொரு எழுத்தா டிக் பண்றேன், என் பெட்டியோடத நான் படிக்கறேன் நீ பாரு. பெரிய எழுத்து சின்ன எழுத்து பாத்து படி. இது ரகசியம் இல்ல, யாரு கேட்டாலும் பரவாயில்ல, நான் உண்மையிலயே உன் சர்வருக்குத்தான் போறேனான்னு தெரிஞ்சுக்கத்தான்.

அதுக்கப்புறம் நீ வந்தா என் ஸ்கிரீன்ல ஒரு சின்ன பெட்டி எழும், விடவா வேணாமா, இல்ல பாக்க மட்டும் விடவான்னு. நான் அமுக்கினாதான் நீ உள்ள. கொஞ்ச நேரம் ஒண்ணும் அமுக்கலேன்னா வேணாம்னே எடுத்துக்கும். அதுல வர்ற அட்ரஸ் 127.0.0.1ன்னுதான் இருக்கும், குழாய் வழியா வர்றதால இந்த பெட்டியே தன்னை தானே கூப்பிடற மாதிரிதான் அதுக்கு தெரியும், அதனால அதை பாத்து நீதான்னு எனக்கு தெரியாது. முதல்ல போன் அடிச்சு குரலை காட்டிட்டு அப்புறம் வா. நீ வெளிய போனதும் எக்ஸ்11விஎன்சி தானாவே நின்னுடும், எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கற மாதிரி போட வேணாம்னு சொல்லிட்டேன். குழாயை நான் கையால மூடுவேன்.

இன்னும் சில்லறை விஷயம் இருக்கு. ஒரே அம்புக்கு ரெண்டு கை, அதனால நீ புடிச்சிருக்கறப்ப நான் மவுசை விட்டுடுவேன், நான் தட்டறப்ப நீயும் விட்டுடு, இல்லேன்னா சண்டைதான் வரும். தமிழ்ல அடிக்கறதை எல்லாம் நான் அடிக்கறேன். நீ அங்க காப்பி பண்றது இங்கயும் வரும், அதனால உன் பாஸ்வேர்ட் எதையும் அந்த நேரத்துல காப்பி பண்ணாத, பேங்க் பக்கத்தை நானும் திறக்க மாட்டேன், நீயும் திறக்காத. வால்பேப்பர்ல இருந்த பத்துமலை முருகனை எடுத்துட்டு வெறும் பச்சை கலர் போட்டுட்டேன், அவ்வளவு படத்தை அனுப்பிக்கிட்டு இருந்தா நம்ம லைன் திணறுது. அடுத்த அப்டேட்ல ஸ்கிரீனை காட்டற வேற முறையா வேலண்ட்னு ஒரு செஷன் வந்தா அதுக்கு மாறிடாதீங்க மாமா, அதுல எக்ஸ்11விஎன்சி ஓடாதுன்னு பையன் சொல்லிட்டு போயிருக்கான், மானிட்டர்ல சீட்டு எழுதி ஒட்டி வச்சிருக்கேன். அம்மா இதுல உன் மூஞ்சி தெரியுமான்னு கேக்கறா, தெரியாதுன்னு சொல்லிட்டேன், அதுக்கு வாட்ஸ்அப்ல தனியா கூப்பிடு.

ஞாயித்துக்கிழமை காலையில பசியாறிட்டு அடி, சாயங்காலம்னா வேணாம், இங்க சுங்கை சிப்புட்ல இப்ப நாலு மணிக்கெல்லாம் இடி இடிக்குது, இடிச்சா மோடம் பிளக்கை புடுங்கிடுவேன்னு உனக்கு தெரியும், பாதி பேரை மாத்திக்கிட்டு இருக்கறப்ப புடுங்கினா ரெண்டு பேருக்கும் கஷ்டம். ஃபைலை எல்லாம் முதல்ல பென்டிரைவ்ல காப்பி எடுத்து வச்சுட்டுத்தான் உக்காருவேன்.

என் சாவியோட பப்ளிக் பாதியை தனியா அனுப்பியிருக்கேன், பப்னு முடியற ஃபைல், அதை உன் சர்வர்ல ஏத்திட்டு உன்னோடதை எனக்கு அனுப்பு. பப்னு முடியாத இன்னொரு ஃபைலும் இங்க இருக்கு, அதை கேக்காத, கேட்டாலும் தர மாட்டேன்.

அப்பா