மாமாவுக்கு, 7 மெகா ஹேர்ட்ஸிலிருந்து

அன்புள்ள மாமா,

அமெச்சூர் வானொலிப் பரீட்சைக்கு, அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானலையில் பேசுவதற்கான பரீட்சைக்கு, நீங்கள் தோற்ற நான் அனுப்பிய படிவத்தை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டீர்களாம், மாமி சொன்னார். இதைத் தொலைபேசியில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுவீர்கள். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

எனக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவர் நீங்கள்தான். மட்டக்களப்பில், கல்லடி வீட்டில் உங்கள் இரண்டு சிற்றலை றேடியோக்களும் தோளோடு தோள் உரசி இருக்கும். ஒன்றின் முள்ளை 7 மெகா ஹேர்ட்ஸுக்குச் சற்று மேலே நகர்த்தினால் யாரோ வாத்துப் போலக் கத்துவார்கள். ஒரு சொல்லும் விளங்காது. மற்றதை அதைவிட 455 கிலோ ஹேர்ட்ஸ் கீழே வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு திருப்புவீர்கள். முள் காட்டுவதைவிட அதே 455 மேலே அதற்குள் பிறக்கும் அலை முதல் பெட்டிக்குள் கசிந்து, அனுப்பியவர் நீக்கிவிட்ட சுமப்பலையின், அதாவது குரலைச் சுமக்கும் அலையின், இடத்தை நிரப்பும். உடனே கத்தல் மனிதக் குரலாகும். தமிழ்நாட்டில் யாரோ ஒருவர் தம்மூர் மழையைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். பிற்காலத்தில் இதையே விரிவுரையில் கேட்டேன். உங்கள் விளக்கம்தான் திறம்.

போர்க்காலத்தில் நீங்கள் ஏரியல் கம்பியை இறக்கிச் சுருட்டி வைத்தது நினைவிருக்கிறது. கூரைக்கு மேல் ஒரு கம்பி நீண்டாலே கேள்வி வரும். பேசும் கருவியை யார் நினைப்பார்கள்? கேட்பதோடு நின்றுகொண்டீர்கள். அது அன்றைக்குச் சரி. இன்றைக்கும் "கேட்டால் போதும்" என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியன்று அந்தமானில் தொலைபேசிகள் செத்துக் கிடந்தபோது, இந்தப் பொழுதுபோக்குக்காகவே போர்ட் பிளேயருக்குப் போயிருந்த இந்திய அமெச்சூர் வானொலியாளர் பாரதி பிரசாத் தம் கருவியால் அங்குள்ளவர்களின் செய்திகளை வெளியே அனுப்பினார். அந்தப் பத்திரிகை நறுக்கை வைத்துக்கொண்டு, "நம் கரையிலும் ஒன்று இருந்திருந்தால்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பீர்கள்! மட்டக்களப்பை அடித்த 1978 சூறாவளியைச் சொல்லும்போதும் இதே பல்லவிதான். இருந்திருந்தால் என்று சொல்பவரே படிவத்தைப் பூட்டி வைக்கலாமா?

பரீட்சை ஒன்றும் பூதமல்ல. இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கேட்பது அடிப்படை மின்னியல், வானொலிக் கோட்பாடு, சட்டதிட்டம். முதலிரண்டையும் எனக்கே படிப்பித்தவர் நீங்கள். சட்டதிட்டத்தை நான் படிப்பிக்கிறேன். தூங்கிவிடாமல் இருந்தால் போதும். சித்தியடைந்தால் 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறி, வானலையில் உங்கள் பெயர், உங்களுக்கும் கிடைக்கும். முதல் தொடர்பு என்னோடுதான், இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அடுத்த லீவில் வருகிறேன். 7.1 மெகா ஹேர்ட்ஸுக்கு ஏரியல் கம்பி இரு பக்கமும் பத்து மீற்றர் வேண்டும். கிணற்றடித் தென்னை இரண்டும் அளவாக இருக்கும். நுனிகளைத் தங்கூஸால் கட்டலாம். நடுவிலுள்ள ஈயப்பற்றை நீங்களே வையுங்கள், நான் வைத்தால் கடற்காற்றில் களிம்பேறிவிடுகிறது. இந்த முறை உடுப்புக் கொடியில் கைவைக்க மாட்டோம் என்று மாமிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீங்களும் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்