அண்ணனுக்கு, ஏழாவது கதை பற்றி

அண்ணே,

என் சிறுகதைத் தொகுப்பின் இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது. ஏழாவது கதையை அதிலிருந்து நீக்கவில்லை. போனில் சொன்னால் வைத்துவிடுவாய் என்றுதான் இங்கே எழுதுகிறேன். சொந்தபந்தமெல்லாம் படிக்கும். அதனால் சிலதைத் தொடாமல் போவேன், உனக்குப் புரியும்.

தொகுப்பில் சிங்கப்பூரிலிருந்து திரும்பி, சொந்த வீட்டுத் திண்ணையிலேயே விருந்தாளியாக உட்கார்ந்திருக்கும் மனிதர் நம் சித்தப்பாதான் என்று ஊருக்கே தெரியும். அவரே படித்துவிட்டுச் சிரித்தார். உனக்குத்தான் ஆகவில்லை. அதுவும் பத்திர ஆபீஸ் விஷயத்துக்காக இல்லையாம், தோப்பில் நீ அழுததை எழுதியதற்காம். அண்ணி சொன்னார்.

கஜா புயல் அடித்து இரண்டு மூன்று நாள் இருக்கும், 2018 நவம்பர். புதாற்றுத் தண்ணீர், அதுதான் கல்லணைக் கால்வாய்த் தண்ணீர், கடைமடைக்கு ஒழுங்காக வராததால் நெல்லை விட்டுவிட்டு அப்பா போட்ட தென்னை அத்தனையும் வேரோடு கிடந்தது. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. விழுந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்து எனக்கு இளநீர் சீவினாய். வழுக்கையைச் சுரண்டித் தின்ன மட்டையில் ஒரு சில்லும் வெட்டிக் கொடுத்தாய். "இது நீ பொறந்த வருஷம் அப்பா வச்சது" என்றபோது குரல் கம்மியது. அரிவாளைக் கீழே வைக்காமலே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு "வேர்க்குது" என்றாய். அடைமழைக் காலத்தில்!

அப்புறம் மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் என்றார்கள். பட்டா அப்பா பெயரில் இருந்தது. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-ல் சட்டம் வந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. எனக்குப் பங்கு உண்டென்று உனக்கும் தெரியும். "உனக்கு வேணுமா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். நீ பேனாவைத்தான் நீட்டினாய்.

அந்த இளநீரை நினைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். ஒரு இளநீரில் என்னை முடித்துவிட்டாயே என்று சில நாள் எரியும். சில நாள், பாவம், நீயும் வேறு என்னதான் செய்வாய் என்றிருக்கும். தொகை என்ன, யார் யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

அச்சுக்கு முன்னால் உன்னிடம் காட்டியிருக்கலாம், மன்னித்துக்கொள். ஆனால் காட்டியிருந்தால் வேண்டாம் என்பாய், நானும் கேட்டுக்கொள்வேன். கேட்டுக்கேட்டே பழகியவள் ஆயிற்றே.

ஒன்று யோசித்துப் பார். அந்த அழுகையை எடுத்துவிட்டால் கதையில் நீ தங்கச்சியிடம் எழுதி வாங்கியவன், அவ்வளவுதான். அப்படி ஒரு அண்ணனை அச்சில் விட்டுவைக்க எனக்கு மனசில்லை. ஊர்ப்பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ஆவணியில் உன் மருமகள் கல்யாணம். பத்திரிகையில் தாய்மாமன் என்று உன் பெயரைத்தான் போட்டிருக்கிறேன். நீ வராவிட்டால் உன் இடத்தில் வேறு யாரையும் நிறுத்த மாட்டேன். நாலு பேர் ஏன் என்று கேட்பார்கள், நீயே வந்து பதில் சொல்லிக்கொள்.

தங்கச்சி