அப்பத்தா பீரோவின் வாசனை

அன்புள்ள கயலுக்கு,

அப்பத்தா பீரோவைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அந்த வாசனையைச் செண்ட்டாகச் செய்து தை மாதக் கல்யாணத்தில் அக்கா தங்கச்சிகளுக்கு ஆளுக்கொரு பாட்டில் கொடுக்கணும் என்று கேட்டிருந்தாய். தாராளமாகச் செய்யலாம். இருபது பாட்டில், ஒவ்வொன்றும் 10 மில்லி. ஊறவும் ஆறவும் பத்து வாரம் வேண்டும். அதனால் புரட்டாசியிலேயே தொடங்கிவிடு.

முதலில் உன் பட்டியலைப் பற்றி. தாழம்பூ, ஏலக்காய், காப்பிக்கொட்டை, மழை பெய்த மண் என்று பதினாலு பொருள் எழுதியிருக்கிறாய். அத்தனையும் அந்த வீட்டில் இருந்தது உண்மைதான், பீரோவுக்குள் இருந்ததில்லை. வீடு முழுவதையும் ஒரு பாட்டிலில் அடைத்தால் எந்த இடமும் தெரியாது. பீரோவுக்குள் இருந்தவை இவைதான்: புடவை மடிப்புக்குள் வெட்டிவேர் முடிச்சு, ஒரு சந்தனக்கட்டைத் துண்டு, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகை ஏறிய துணி, பழைய தேக்குப் பலகை, தலையிலிருந்து எடுத்து வைத்த வாடிய மல்லி, கற்பூரம், அந்துருண்டை. இதற்கு மேல் எதையும் சேர்க்காதே.

மண்வாசனை மேல் உனக்கு ஆசை, தெரியும். உத்தரப் பிரதேசத்தில் அத்தருக்குப் பேர்போன கன்னோஜில் சுட்ட களிமண்ணைச் செப்புப் பானையில் இட்டு வடித்து, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி மிட்டி அத்தர் செய்கிறார்கள். 1964-ல் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அந்த வாசனைக்கு ‘பெட்ரிகோர்’ என்று பெயர் வைத்தார்கள். அதற்கு ரொம்ப முன்பே கன்னோஜ்காரர்கள் அதைக் குப்பியில் அடைத்துவிட்டார்கள். ஆனால் அதைத் தனியாகப் பூசிக்கொள்வதே அழகு. வெட்டிவேரோடு சேர்த்தால் இரண்டு மண்ணும் ஒன்றையொன்று மறைத்துவிடும்.

இனி வாங்க வேண்டியவை. சந்தன எண்ணெயில் பெயரைப் பார்த்து வாங்கு. சண்டாலம் ஆல்பம் என்று இருக்கணும். ‘ஆஸ்திரேலியச் சந்தனம்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது சண்டாலம் ஸ்பிகேட்டம் என்ற வேறு மரமாக இருக்கலாம். அது வறட்சியான வாசனை, நம் சந்தனத்தின் பால் மணம் அதில் கிடையாது. ஆஸ்திரேலியாவிலேயே வளர்த்த ஆல்பமும் வருகிறது, அது பரவாயில்லை. விற்பவரிடம் ஜி.சி. அறிக்கை கேள், எண்ணெயில் எது எவ்வளவு இருக்கிறது என்று ஆய்வுக்கூடம் பிரித்துக் காட்டும் தாள் அது. ஐ.எஸ்.ஓ. என்ற உலகத் தர அமைப்பின்படி, சந்தனத்துக்கு மணம் தரும் பொருள்களில் ஆல்ஃபா சாண்டலால் 41 முதல் 55 சதவீதம், பீட்டா சாண்டலால் 16 முதல் 24 சதவீதம் இருக்கணும். அறிக்கை தர மறுக்கிறவரிடம் வாங்காதே. சந்தனத்தில் விளக்கெண்ணெய் கலப்பது பழைய பழக்கம்.

வெட்டிவேர் எண்ணெய் எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டு வாங்கு. ஜாவா எண்ணெயில் புகை வாடை தூக்கலாக இருக்கும். ஹைட்டி எண்ணெய் சுத்தமாக, லேசான இனிப்போடு இருக்கும். வட இந்தியாவில் செப்புக் கலத்தில் வடிக்கும் ரூ கஸ் பச்சை நிறத்தில், ஈர மண்ணும் பச்சை வேரும் கலந்து மணக்கும். கிடைத்தால் அதுதான் அப்பத்தாவின் முடிச்சு. கிடைக்காவிட்டால் ஹைட்டி போதும். சாம்பிராணிப் புகை தனியாக வருவதால் ஜாவா வேண்டாம், புகை இரண்டு மடங்காகிவிடும்.

மல்லியில்தான் எல்லோரும் தவறுவது. குண்டுமல்லி என்றால் ஜாஸ்மினம் சம்பக். பிச்சி என்றால் ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம். வெறும் ‘ஜாஸ்மின்’ என்று எழுதியிருந்தால் எது என்று தெரியாது. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மதுரை மல்லி சம்பக் வகை, பச்சைத்தண்டு வாடை கொஞ்சம் உண்டு. கிராண்டிஃப்ளோரம் பழ இனிப்பாக இருக்கும். உனக்குச் சம்பக் வேண்டும். அதிலும் ‘அப்சொல்யூட்’ என்று கேட்டு வாங்கு. மல்லியை நீராவியில் வடித்தால் வெந்த பூவின் வாடைதான் வரும். அதனால் ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து எடுப்பார்கள். முதலில் கிடைப்பது மெழுகு மாதிரியான கான்கிரீட். அதை ஆல்கஹாலில் கழுவி மெழுகை நீக்கினால் அப்சொல்யூட். விலை குறைவு என்று கான்கிரீட்டை வாங்கினால் அந்த மெழுகு உன் பாட்டிலில் கலங்கலாக மிதக்கும்.

அந்துருண்டையை எந்த வடிவிலும் சேர்க்காதே, கண்ணு. அதிலுள்ள நாப்தலீன் மூச்சுக்கும் ஆகாது, தோலுக்கும் ஆகாது. அது தேவையும் இல்லை. மல்லிக்குள்ளேயே இண்டோல் என்ற பொருள் இருக்கிறது. பூ வாடும்போது மூக்கில் ஏறும் அந்தக் கனத்த வாடையில் அதற்குப் பெரிய பங்கு. இண்டோலைத் தனியாக முகர்ந்தால் அந்துருண்டை நினைவுதான் வரும். அதன் மேல் துளி கற்பூரம் பட்டால் பீரோக் கதவு திறந்துவிடும். இந்தச் செண்ட்டுக்கு மேல்வாசனை, அதாவது முதலில் மூக்கில் படுவது, கற்பூரம்தான். எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய் எதுவும் வேண்டாம்.

சாம்பிராணி கட்டியாக வாங்கு. ‘கப் சாம்பிராணி’ கரித்தூள் சேர்ந்தது, ஆகாது. கட்டியைத் தூளாக்கி, சம எடை ஆல்கஹாலில் மூடிய கண்ணாடி ஜாடியில் போட்டு, தினம் ஒரு தடவை குலுக்கி ஒரு வாரம் வை. காப்பி வடிதாளில் வடிகட்டு. பாகு மாதிரி இருப்பதால் நேரம் பிடிக்கும், அவசரப்பட்டு அடுப்பில் சூடாக்காதே. ஆல்கஹால் ஆவி சாதாரண அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கும். விளக்கு, ஊதுபத்தி எதுவும் அந்த அறையில் வேண்டாம்.

ஆல்கஹால் உங்கள் ஊரில் பெர்ஃப்யூமர்ஸ் ஆல்கஹால் என்றே விற்கிறார்கள். 95 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. வோட்காவில் பாதிக்கு மேல் தண்ணீர், ஊற்றியதும் பால் மாதிரி வெளுத்துவிடும். மருந்துக்கடை ஐசோப்ரொப்பைல் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும்.

பட்டுத்துணியின் வெதுவெதுப்புக்கு எந்த எண்ணெயும் கிடையாது. அதற்கு நெருங்கி வருவது கஸ்தூரி வெண்டை விதை. 25 கிராம் விதையை இடிக்காமல் முழுசாக 180 கிராம் ஆல்கஹாலில் ஒரு மாதம் ஊறப்போடு. மணம் மேல்தோலில் இருக்கிறது. இடித்தால் உள்ளே உள்ள கொழுப்பெண்ணெயும் இறங்கிவிடும். செண்ட்டைக் கரைக்க இந்த ஆல்கஹாலையே பயன்படுத்தப்போகிறாய், அதனால் முதல் வேலையாக இதைப் போட்டுவிடு.

இனி அளவு. சொட்டுக் கணக்கு வேண்டவே வேண்டாம். வெட்டிவேர் கெட்டி, அதன் ஒரு சொட்டும் தேவதாருவின் ஒரு சொட்டும் ஒரே எடை இல்லை. 0.01 கிராம் காட்டும் தராசு வாங்கிக்கொள். 10 கிராம் கூட்டுக்கு (கஸ்தூரி வெண்டை ஆல்கஹாலில் கரைப்பதற்கு முந்தைய கலவை):

சந்தனம் 3.50 கிராம், வெட்டிவேர் 2.00, சாம்பிராணிக் கரைசல் 2.00, தேவதாரு எண்ணெய் 1.00 (இது தேக்குப் பலகைக்கு), மல்லி அப்சொல்யூட் 0.50, கற்பூரக் கரைசல் 0.50, மரிக்கொழுந்துக் கரைசல் 0.50.

கடைசி இரண்டும் 1 கிராம் கற்பூரத்துக்கு, 1 கிராம் மரிக்கொழுந்து எண்ணெய்க்கு 9 கிராம் ஆல்கஹால் என்று தனித்தனியாகச் சேர்த்த பத்து சதவீதக் கரைசல்கள். மரிக்கொழுந்து பீரோவில் இல்லையே என்று கேட்பாய். மல்லிச்சரத்தில் கண்ணிக்குக் கண்ணி அதைச் சேர்த்துத்தானே கட்டுவோம், அதனால் சேர்த்தேன். ஆனால் இந்த அளவைத் தாண்டாதே. கூடினால் பழ ஜாம் வாடை வந்துவிடும். ஒவ்வொரு தோலிலும் அது ஒவ்வொரு மாதிரி மணக்கும் என்பதையும் நினைவில் வை.

நேராக விலை உயர்ந்த எண்ணெயில் கை வைக்காதே. ஒவ்வொன்றையும் பத்து மடங்கு ஆல்கஹாலில் நீர்க்கச் செய்துகொண்டு, இதே எடைகளில் சோதனைக் கலவை போடு. கற்பூரமும் மரிக்கொழுந்தும் ஏற்கெனவே கரைசல்கள்தான், அவற்றையும் இன்னொரு பத்து மடங்கு நீர்க்கச் செய்யணும், மறந்துவிடாதே. காகிதப் பட்டையில் தொட்டு, உடனே ஒரு தடவை, அரை மணி கழித்து, நாலு மணி கழித்து, மறுநாள் காலையில் என்று முகர்ந்து குறித்துக்கொள். கற்பூரம் சில நிமிடத்தில் போய்விடும், அது இயல்பு. அரை மணியில் மல்லியும் சாம்பிராணியும் சேர்ந்து நிற்கணும். மறுநாள் சந்தனமும் வேரும் மட்டும் இருக்கணும். மறுநாள் வேர் மட்டுமே கத்தினால் வெட்டிவேரை 1.60-க்குக் குறைத்து, குறைத்ததைச் சந்தனத்தில் கூட்டு. அரை மணியிலேயே மாட்டுத்தொழுவம் நினைவுக்கு வந்தால் மல்லி அதிகம், 0.35 போதும். குறைந்ததைத் தேவதாருவில் சேர்.

மனசுக்குச் சரி என்று பட்டதும் எல்லா எடையையும் மூன்றரையால் பெருக்கு. 35 கிராம் கூட்டு வரும், சந்தனம் மட்டும் 12.25 கிராம். கனத்தவற்றை முதலிலும் கற்பூரத்தைக் கடைசியிலும் சேர். மல்லி அப்சொல்யூட் பாட்டிலில் உறைந்து நின்றால் கை பொறுக்கும் வெந்நீரில் வைத்து இளக்கு. கூட்டை மட்டும் இரண்டு வாரம் இருட்டில் வை. பிறகு வடிகட்டிய கஸ்தூரி வெண்டை ஆல்கஹால் 140 கிராம் ஊற்றி, இன்னும் நாலு வாரம் வை. ஊற்றிய அன்று முகர்ந்தால் ஆல்கஹாலும் வேரும் தனித்தனியாகக் குத்தும். கெட்டுவிட்டது என்று எதையாவது சேர்த்துச் சரிசெய்யப் போகாதே. மூன்றாவது வாரத்தில்தான் ஒன்றோடொன்று இழையும்.

நாலு வாரம் முடிந்ததும் இரண்டு நாள் ஃப்ரீசரில் வை. ஃப்ரீசரின் மின்விளக்கிலோ சுவிட்சிலோ தீப்பொறி எழலாம், அதனால் இறுக்கி மூடு. மிச்ச மெழுகும் பிசினும் அடியில் படியும். குளிர் ஆறுவதற்குள் வடிதாளில் வடிகட்டு. ஆறவிட்டால் படிந்தது மறுபடி கரைந்துவிடும். இழப்பு போக இருபது பாட்டிலுக்குச் சரியாக வரும்.

தெளிப்பான் மூடி வாங்காதே. சாம்பிராணிப் பிசின் அந்தச் சின்ன ஓட்டையில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குச்சி வைத்த மூடி வாங்கு, அத்தர் மாதிரி தொட்டு வைக்கலாம். பாட்டில் அடர்நிறமாக இருக்கட்டும். இண்டோலும் சாம்பிராணியும் நாளாக ஆகச் சிவந்து கறுக்கும், வாசனைக்கு அதனால் குறையில்லை. ஆனால் துணியில் பட்டால் கறை. கல்யாணத்தில் எல்லோரும் பட்டுடுத்தி இருப்பார்கள். ‘மணிக்கட்டில், காதின் பின்னால் மட்டும், பட்டில் படாமல்’ என்று ஒவ்வொரு பாட்டிலிலும் எழுதி ஒட்டு. கொடுப்பதற்கு முன் நீயும் இன்னும் இரண்டு பேரும் முழங்கை மடிப்பில் தொட்டுவைத்து இரண்டு நாள் பாருங்கள். சாம்பிராணி சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. இஃப்ரா என்ற உலக வாசனைத் தொழில் அமைப்பு பல வாசனைப் பொருள்களுக்குத் தோலுக்கான உச்ச அளவு வெளியிடுகிறது. மல்லிக்கும் மற்றவற்றுக்கும் அதையும் ஒருமுறை ஒத்துப் பார்த்துக்கொள்.

பெரியத்தைக்கு ஆல்கஹால் ஆகாது. அவருக்குத் தனியாக ஒரு பாட்டில் எண்ணெயில் செய். சாம்பிராணிக் கரைசல் எண்ணெயில் கலக்காது, அதை விட்டுவிடு. கற்பூரத்தையும் மரிக்கொழுந்தையும் கரைசலாக்காமல் நேராக எண்ணெயிலேயே சேர். சாதாரணத் தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், உங்கள் ஊர் மார்கழிக் குளிரில் கட்டியாகிவிடும். உறையாத ஃப்ராக்ஷனேட்டட் தேங்காயெண்ணெய் வாங்கு.

தபாலில் அனுப்பலாம் என்று நினைக்காதே. தீப்பற்றும் திரவத்தைச் சாதாரண விமானத் தபாலில் எடுக்க மாட்டார்கள். வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வா. ஒவ்வொரு மூடியிலும் நாடா சுற்றி, இருபதையும் ஒரே பிளாஸ்டிக் பைக்குள் நிற்கவைத்து, நடுவில் உன் பழைய பருத்தித் துப்பட்டாவைத் திணி. விமானத்தில் ஒன்றிரண்டு கசிந்தாலும் துப்பட்டா குடித்துக்கொள்ளும். அதைத் துவைக்காமல் அப்படியே கொண்டுவந்து என்னிடம் கொடு, அப்பத்தா பீரோவில் வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா