மஞ்சள் லைட்டை அணைக்க அவசரப்படாதே

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா முழங்கால் வலி குறைந்து, கம்பியைப் பிடிக்காமலே மாடிப்படி ஏறுகிறார் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். மகள் வேலைக்குப் போய்விட்டதால் வீடு கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது. நான் இன்னும் ஒர்க்‌ஷாப்பை விடவில்லை. வண்டிக்கு அடியில் படுக்கும் வேலையை மட்டும் பையன்களிடம் கொடுத்துவிட்டேன்.

சரி, உன் வண்டி விஷயத்துக்கு வருகிறேன். டேஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் லைட் எரிகிறது, ஓட்டும்போது ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்று ஒருவர் சொன்னார் என எழுதியிருந்தாய். தயவுசெய்து அதைச் செய்யாதே. பல வண்டிகளில் லைட் அணையத்தான் செய்யும். ஆனால் என்ன கோளாறு, அது வந்த நொடியில் வண்டி என்ன வேகத்தில் போனது, இன்ஜின் எவ்வளவு சூடாக இருந்தது என்று உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் குறித்து வைத்ததும் கூடவே அழிந்துவிடும். கோளாறைத் தேடுகிறவனுக்கு அதுதான் கையில் இருக்கும் முக்கியமான தடயம்.

நீ ஒன்றைப் பார்த்துச் சொல்ல வேண்டும். லைட் நிலையாக எரிகிறதா, விட்டு விட்டு மின்னுகிறதா? மின்னினால் விஷயமே வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். ஸ்டியரிங்கில் நடுக்கம் தெரியும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி திணறும். எரியாத பெட்ரோல் அப்படியே புகைக்குழாய்க்குப் போய், அங்கே புகையின் நச்சைக் குறைக்க வைத்திருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரியும். அதன் உட்புறம் தேன்கூடு மாதிரி நுண்ணிய துளைகளால் ஆனது. அதிகச் சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும். ஒரு ஸ்பார்க் பிளக்கோ காயிலோ மாற்றினால் தீர்ந்திருக்க வேண்டியது, அதைவிடப் பல மடங்கு செலவில் போய் நிற்கும். அதனால் மின்னினால் காலை எடு, வேகத்தைக் குறை, பத்திரமான இடத்தில் நிறுத்து. நிறுத்தின இடத்திலிருந்து வண்டியை இழுத்துக்கொண்டு போகச் சொல்.

சிவப்பு லைட்டுகளை இதோடு குழப்பிக்கொள்ளாதே. ஆயில் கேன் படம் சிவப்பாக வந்தால் உடனே ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்த வேண்டும், அடுத்த வளைவு வரைக்கும் என்று பார்க்கக் கூடாது. ஆயில் பிரஷர் இல்லாமல் ஓடும் இன்ஜின் சில நிமிடங்களிலேயே பாழாகிவிடும். சூட்டைக் காட்டும் சிவப்பு லைட்டுக்கும் அதேதான். சூடு ஆறுகிற வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதே.

நிலையாக எரியும் மஞ்சள் லைட் என்றால், வண்டி சாதாரணமாக ஓடுகிறவரை, மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்ச் சில நாட்களுக்குள் காட்டலாம். நன்றாக ஓடும் வண்டியில் எதற்கு லைட் என்று கேட்டிருந்தாய், நியாயமான கேள்வி. இந்த ஏற்பாடே முக்கியமாகப் புகையைக் கட்டுப்படுத்தத்தான் வந்தது. அமெரிக்காவில் 1996 மாடல் முதல் புதுக் கார்களில் இதைக் கட்டாயமாக்கினார்கள். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் வந்தது. புகையில் நச்சு கூடினால், உன் காலுக்கும் காதுக்கும் எதுவும் தெரியாவிட்டாலும் லைட் எரியும்.

போகும் முன் பெட்ரோல் டேங்க் மூடியைக் கழற்றி அதன் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பார். வெடிப்பு இருந்தாலோ மூடி சரியாக இறுகாவிட்டாலோ பெட்ரோல் ஆவி கசிந்து, பல வண்டிகளில் இதே லைட் வரும். இறுக்கியதும் அணையாது. கம்ப்யூட்டர் சில ஓட்டங்கள் பார்த்துத் திருப்தியான பிறகே அணைக்கும்.

அப்புறம் ஸ்கேனர், அதாவது கம்ப்யூட்டர் குறித்து வைத்ததைப் படிக்கும் கருவி. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே குனிந்து பார்த்தால் 16 பின் உள்ள ஒரு சாக்கெட் தெரியும். ஸ்கேனரை அதில் சொருகினால் ஒரு கோட், அதாவது கோளாறைக் குறிக்கும் எண் வரும். அந்தக் கோட் எண்ணை ஒரு பாகத்தின் பெயர் என்று நினைத்துக்கொள்வதுதான் பாதி வீண்செலவுக்குக் காரணம். போன மாதம் எங்களிடம் ஒரு வண்டி வந்தது. பி0171 என்ற கோட். பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்று மட்டும்தான் அது சொல்கிறது. வேறொரு இடத்தில், புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்க்கும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றியிருக்கிறார்கள். லைட் திரும்ப வந்துவிட்டது. எங்கள் பையன் ஏர் ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கையால் வளைத்துப் பார்த்தான். மேலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. அடிப்பக்க மடிப்பில் நகம் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு. உள்ளே போகும் காற்றை அளக்கும் வேறொரு சென்சாரைத் தாண்டி, கணக்கில் வராத காற்று அது வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. பழைய ஆக்ஸிஜன் சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது, பாவம், அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். அந்தப் பையனை நினைத்தால் எனக்கு அவ்வளவு பெருமை. சோதிக்காமல் பாகத்தை மாற்று என்று எவன் சொன்னாலும், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேள். பதில் இல்லாத இடத்தில் சாவியைக் கொடுக்காதே.

மகனுக்குப் பழைய வண்டி பார்ப்பதாக எழுதியிருந்தாயே, அதற்கும் இதிலேயே ஒரு வழி இருக்கிறது. சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் டேஷ்போர்டைப் பார். முக்கியமான எச்சரிக்கை லைட்டுகள் ஒரு முறை எரிய வேண்டும். இன்ஜின் லைட் மட்டும் எரியாவிட்டால் அதை வேண்டுமென்றே முடக்கியிருக்கலாம். வண்டியின் கம்ப்யூட்டர் தானாகச் செய்யும் பல சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று ஸ்கேனர் காட்டினால், அண்மையில் யாரோ கோட் பதிவை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். விற்பவரிடம் காரணம் கேள். சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி சோதித்துப் பார்க்கச் சம்மதிக்காவிட்டால் அந்த வண்டி வேண்டாம்.

உன் வண்டியின் கோட் எண்ணையும், அதோடு பதிவான வேகம், சூடு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பு. பார்த்துவிட்டு எங்கே தொடங்கலாம் என்று எழுதுகிறேன். அதுவரை அம்மாவை ஏற்றிக்கொண்டு தங்கை வீட்டுக்கு நெடுந்தூரம் கிளம்பாதே, பயணத்தைத் தள்ளிப் போடு. அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மணி